வீட்டு ஆளைப் பற்றிப் புகார் சொல்லலாமா? வேலூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சத்துவாச்சாரியில் ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு எழுதிக் கொடுப்பவர்களிடம் பட்டா, முதியோர் உதவித்தொகை, ரேஷன் அட்டை என்று வருகிறவர்களுக்கு நடுவே, "தெரிந்தவர் ஒருத்தர் கேட்கச் சொன்னார்" என்று தயங்கித் தொடங்குகிறவர்களும் சிலர் இருப்பார்கள். அந்தத் தெரிந்தவர் பெரும்பாலும் அவர்களேதான். மகனோ கணவரோ அண்ணனோ செய்வது தவறு என்று தெரிந்தும், வெளியே சொல்லலாமா கூடாதா என்று தவிக்கிறவர்கள் கேட்கும் கேள்விகளும், அவற்றுக்கு என்னால் சொல்ல முடிந்த பதில்களும் இங்கே உள்ளன. குற்றவியல் சட்டப் பிரிவுகளின் எண்கள் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சட்டங்களின்படி தரப்பட்டுள்ளன.

பெற்ற பிள்ளையைப் பற்றித் தாயே போலீசில் சொல்வது பாவம் இல்லையா?

இதில் நம்முடைய கதைகளே ஒருமனதாக இல்லை. கன்றைக் கொன்ற மகனைத் தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழனுக்குத் திருவாரூரில் கல்தேர் அமைத்துப் போற்றுகிறோம். அண்ணன் செய்தது தவறு என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, அவனுக்காகவே போய் உயிரை விட்ட கும்பகர்ணனை நினைத்தும் உருகுகிறோம். அண்ணனை விட்டு விலகிய வீடணன் பக்கம் நியாயம் இருந்தது என்று ஒப்புக்கொள்கிறோம். ஆனாலும் பிள்ளைக்கு அந்தப் பெயரை வைக்க நம்மில் எத்தனை பேர் முன்வருவோம் என்று தெரியவில்லை.

மனுநீதிச் சோழனுக்கு ஒரு வசதி இருந்தது. விசாரணையும் தீர்ப்பும் தண்டனையும் அவன் கையிலேயே இருந்தன. ஒரு தாய் காவல் நிலையத்தில் வாய் திறந்துவிட்டால், அதற்குப் பிறகு நடப்பது எதுவும் அவள் கையில் இல்லை. அடிப்பார்களோ, எத்தனை வருடம் உள்ளே வைப்பார்களோ, வெளியே வந்தபின் தன்னை அம்மா என்று கூப்பிடுவானோ என்ற அச்சத்தைத்தான் அவள் பாவம் என்று சொல்கிறாள். அந்த அச்சம் நியாயமானது. ஆகவே பாவ புண்ணியத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, இரண்டு கேள்விகளை முதலில் கேட்டுக்கொள்ளச் சொல்வேன்: நான் பேசாமல் இருந்தால் அடுத்து அடிபடப் போகிறவர் யார்? அவரால் தானே போய்ச் சொல்ல முடியுமா? அடிபடப் போகிறவர் ஒரு குழந்தையாகவோ, எழுந்து நடக்க முடியாத முதியவராகவோ இருந்தால், உங்கள் மௌனத்துக்கு வேறொருவர் விலை கொடுக்கிறார். நடந்தது பழைய கதை, இனி யாருக்கும் ஆபத்தில்லை என்றால், யோசிக்க உங்களுக்கு நேரம் இருக்கிறது.

தெரிந்த குற்றத்தை எல்லாம் சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்கிறதா?

இல்லை. கொலை, கொள்ளை, பணத்துக்காக ஆள் கடத்துதல், கள்ள நோட்டு போன்ற குறிப்பிட்ட சில குற்றங்களை அறிந்தவர் அதைக் காவல்துறைக்கோ நீதித்துறை நடுவருக்கோ (மாஜிஸ்திரேட்) தெரிவிக்க வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 33-ஆம் பிரிவு சொல்கிறது. நியாயமான காரணம் இருந்தால் சொல்லாமல் இருந்ததற்கு விளக்கம் தரலாம் என்றாலும், அந்தக் காரணத்தை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்தான். வீட்டிலிருந்து நகை எடுத்த தம்பி, சீட்டுப் பணத்தில் கை வைத்த மைத்துனர் போன்ற சில்லறைத் திருட்டுகளும் ஏமாற்றுகளும் அந்தப் பட்டியலில் இல்லை. சில வகைத் திருட்டுகளில் வழக்கு பதிவான பிறகும்கூட, பொருளுக்கு உரியவர் சமரசம் செய்துகொள்ளச் சட்டம் இடம் தருகிறது.

சொல்லாமல் இருப்பதற்கும் மறைப்பதற்கும் உள்ள வேறுபாட்டைத்தான் குடும்பங்கள் கவனிப்பதில்லை. இரத்தக் கறை படிந்த சட்டையைத் துவைத்துப் போடுவதும், கைபேசியைப் பாலாற்றில் எறிவதும் சாட்சியத்தை அழித்த குற்றமாகும். அது தனி வழக்கு. தேடப்படுகிறவருக்கு அடைக்கலம் கொடுப்பதும் குற்றம்தான். அதில் கணவனுக்கு மனைவியும் மனைவிக்குக் கணவனும் அடைக்கலம் கொடுத்தால் மட்டும் சட்டம் விலக்கு அளிக்கிறது. தாய், தகப்பன், உடன்பிறந்தார் யாருக்கும் அந்த விலக்கு இல்லை என்று சொன்னால் பலர் நம்புவதில்லை.

வீட்டுக் குழந்தையிடம் நெருங்கிய உறவினர் ஒருவரே தவறாக நடந்திருக்கிறார். பெரியவர்கள் கூடிக் கண்டித்துவிட்டார்கள். இதற்கு மேலும் புகார் தேவையா?

தேவை. இந்தப் பக்கத்தில் உள்ள கேள்விகளில் இது ஒன்றுக்குத்தான் நான் யோசிக்காமல் பதில் சொல்வேன்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19-ஆம் பிரிவில், இப்படி ஒரு குற்றம் நடந்தது என்று அறிந்தவரும், நடக்கக்கூடும் என்று அஞ்சுகிறவரும் யாராக இருந்தாலும் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது. தெரிவிக்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர் மீது வழக்குப் போட முடியாது. குற்றம் செய்தவர் இரத்த உறவாகவோ திருமண உறவாகவோ இருந்தால், சட்டம் அதை மேலும் கொடிய குற்றமாகவே கருதுகிறது.

பெரியவர்கள் கூடிக் கண்டித்தார்கள் என்றால் அந்தக் கூட்டத்தில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று பாருங்கள். தாத்தா, பெரியப்பா, தாய்மாமன் என்று எல்லோரும் இருந்திருப்பார்கள். குழந்தை பக்கத்து அறையில் இருந்திருக்கும். "இனிமேல் அவனை வீட்டுக்குள் சேர்க்க வேண்டாம்" என்று முடிவெடுப்பார்கள். அடுத்த பொங்கலுக்கு அவர் வந்து அதே திண்ணையில் உட்காருவார். அந்தக் குழந்தை அவருக்குக் காபி கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருக்கும்.

குழந்தையைக் காவல் நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டுமே என்ற அச்சம் வேண்டாம். வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ பதிவு செய்ய வேண்டும். இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வந்து பதிவு செய்ய வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. குழந்தையின் பெயரையோ அடையாளத்தையோ ஊடகங்கள் வெளியிடக் கூடாது. குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைத்தாலும் போதும். வேலூர் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கு நேரில் போனாலும் சரி.

என் அண்ணன் தன் 16 வயது மகளுக்குக் கல்யாணம் நிச்சயித்துவிட்டார். அத்தையாகிய நான் சொன்னால் அண்ணன் சிறைக்குப் போவாரா?

எப்போது சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தாலி கட்டுவதற்கு முன் சொன்னால், பெரும்பாலும் சமூகநல அலுவலரும் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரும் காவலரும் வந்து, பெற்றோரிடம் எழுதி வாங்கிக்கொண்டு நிறுத்துவதோடு முடியும். 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவின்படி நீதித்துறை நடுவர் தடை ஆணையும் பிறப்பிக்கலாம்; அந்த ஆணையை மீறி நடக்கும் திருமணம் செல்லாது. திருமணம் நடந்தபின் தெரிய வந்தால், நடத்தி வைத்தவர்களுக்கு இரண்டு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பெண்களுக்கு மட்டும் சிறைத் தண்டனை கிடையாது. மாப்பிள்ளையாக வந்த பையன் மீது போக்சோ பாய்வதும் அப்போதுதான்.

ஆகவே அண்ணன்மேல் பாசம் இருக்கிறவர் பத்திரிகை அடிப்பதற்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது. ஜவ்வாது மலைப் பக்கத்து ஊர்களாக இருந்தாலும் சரி, குடியாத்தம் நகரமாக இருந்தாலும் சரி, "கல்யாணம் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று காத்திருப்பதுதான் ஒரு குடும்பத்தை முழுதாக நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய்விடுகிறது.

மகன் கஞ்சா பொட்டலம் வைத்திருப்பதைப் பார்த்துவிட்டேன். குடிக்கிறானா, விற்கிறானா என்று தெரியவில்லை.

இந்தக் கேள்வி காட்பாடியைச் சுற்றியுள்ள பகுதிகளிலிருந்து அதிகம் வருவதில் வியப்பில்லை. ஆந்திர எல்லை பக்கத்தில் இருக்கிறது. வடக்கிலிருந்து வரும் ரயில்கள் பல காட்பாடியில் நிற்கின்றன. பீடி சுற்றும் ஒரு தாய், இலை மூட்டையை எடுக்கப் பரணில் கைவிட்டபோது கிடைத்தது என்று சொன்னதை அப்படியே தருகிறேன்: பழுப்பு நிற பேக்கிங் டேப்பை இறுக்கமாகச் சுற்றிய, செங்கல் அளவுப் பொட்டலம், அதன் பக்கத்தில் ஒரு சிறிய எடை மிஷினும், ரப்பர் பேண்டு போட்ட சின்னச் சின்ன பிளாஸ்டிக் கவர்களும். மகன் என்ன செய்கிறான் என்று அவர் என்னிடம் கேட்டாரே தவிர, அந்த எடை மிஷினைப் பார்த்தபோதே அவருக்குப் பதில் தெரிந்திருந்தது.

அளவைப் பொறுத்துச் சட்டம் மாறுகிறது. ஒரு கிலோ வரை சிறிய அளவு. தண்டனை ஓராண்டு வரை. அதற்கு மேல் 20 கிலோவுக்குள் இருந்தால் பத்தாண்டு வரை. 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. குறைந்தது பத்தாண்டு, ஜாமீனும் எளிதில் கிடைக்காது. தெரிந்தே தன் வீட்டை இதற்குப் பயன்படுத்த விட்டவருக்கும் குற்றம் செய்தவருக்கு உள்ள அதே தண்டனை உண்டு என்று போதைப்பொருள் சட்டத்தின் 25-ஆம் பிரிவு கூறுகிறது. வீடு உங்கள் பெயரில் இருந்தால் "எனக்கு என்ன தெரியும்" என்று சொல்லிக்கொண்டே நாளை ஓட்டுவது ஆபத்தானது.

மகன் பழக்கத்துக்கு அடிமையாகிச் சிறிய அளவு மட்டும் வைத்திருப்பவன் என்றால், அவனை முதலில் சேர்க்க வேண்டிய இடம் மருத்துவமனைதான். பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையமும் அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கின்றன. வழக்கே பதிவானாலும், அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த இடத்தில் தானாக முன்வந்து சிகிச்சையை முழுமையாக முடித்தவருக்கு வழக்கிலிருந்து விலக்குத் தர 64ஏ பிரிவு வழி செய்கிறது. பாதியில் ஓடிவந்துவிட்டால் அந்த விலக்குப் போய்விடும். விற்கிறவனாக இருந்தால் இந்தக் கதவு திறக்காது. பள்ளிக்கூடப் பையன்களுக்கு விற்கிறான் என்று தெரிந்தபின், அந்தப் பையன்களின் தாய்மார்களையும் நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. முதலில் ஒரு வக்கீலிடம் பேசி, முடிந்தால் மகனையே சரணடையச் சொல்லிப் பார்ப்பது, நள்ளிரவில் கதவு தட்டப்படுவதைவிட மேல் என்பது என் கருத்து. அவன் கேட்காவிட்டால், போதைப்பொருள் பற்றித் தகவல் சொல்ல 10581 என்ற எண் இருக்கிறது.

கணவர் மலைமேல் சாராயம் காய்ச்சுகிறார். அவருக்கு எதிராக நான் சாட்சி சொல்ல வேண்டியிருக்குமா?

அணைக்கட்டு, பேரணாம்பட்டுப் பகுதிகளின் மலையோரங்களில் ஊறல் அழிப்பு என்பது செய்தித்தாளில் வழக்கமாக வரும் செய்தி. வேலம்பட்டையும் வெல்லமும் போட்டு ஊறவைத்துக் காய்ச்சி, லாரி டியூபில் அடைத்துக் கீழே இறக்கும் வேலையைக் குடும்பமே பார்த்துக்கொண்டிருக்கும். மனைவிக்குத் தெரியாமல் அது நடக்காது.

திருமண வாழ்வின்போது கணவர் உங்களிடம் சொன்னதை நீதிமன்றத்தில் வெளியிடும்படி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. புதிய சாட்சியச் சட்டத்தின் 128-ஆம் பிரிவு அந்தப் பேச்சைக் காக்கிறது. அவர் உங்களுக்கே கொடுமை செய்த வழக்கு என்றால் மட்டும் அந்தக் காப்பு பொருந்தாது. ஆனால் அவர் செய்ததை நீங்கள் கண்ணால் பார்த்தது வேறு. அது அந்தக் காப்புக்குள் வராது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன்பின் மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டு, உயிரிழப்பு ஏற்பட்டால் ஆயுள் சிறையும் குறைந்தது பத்து லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு என்றாகியிருக்கிறது. "நம்ம சரக்கு சுத்தமானது" என்று அவர் சொல்லலாம். மலையிலிருந்து இறங்கிய பின் அது எத்தனை கை மாறுகிறது, எந்தக் கையில் எதைக் கலக்கிறார்கள் என்று அவருக்கே தெரியாது. தொழிலை விட்டவர்களுக்குக் கறவை மாடு, சிறுகடை போன்றவற்றுக்கு அரசு மறுவாழ்வு உதவி தருகிறது; அதற்கு ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். திரும்பத் திரும்ப வழக்கு வாங்கியவர்மேல் குண்டர் சட்டம் பாய்ந்தால், ஓராண்டு வரை ஜாமீனே இல்லாமல் உள்ளே இருக்க நேரும் என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

அண்ணன் அண்ணியை அடிக்கிறான். அண்ணியோ "யாரிடமும் சொல்லாதே" என்கிறார்.

எனக்கு இன்னும் கடினமாக இருக்கும் கேள்வி இதுதான். அண்ணி வயது வந்தவர். புகாருக்குப் பிறகு அந்த வீட்டில் வாழப் போகிறவரும், பிள்ளைகளோடு தாய்வீட்டுக்குப் போக வேண்டியிருந்தால் போகப் போகிறவரும் அவர்தான். அவர் சொல்லைத் தாண்டி நீங்கள் போனால், அவருக்கு மிச்சமிருந்த ஒரு நம்பிக்கையான ஆளும் இல்லாமல் போகலாம். அதனால் உயிருக்கு ஆபத்து என்று தோன்றும் இரவில் 112-ஐ அழைக்கத் தயங்காதீர்கள். மற்ற நாட்களில் அவரைப் பெண்கள் உதவி எண்ணான 181-இல் பேச வையுங்கள். காயத்துக்கு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், அடிபட்டதால் வந்த காயம் என்றே எழுதச் சொல்லுங்கள்.

2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் சிறைக்கு அனுப்புவதற்காக மட்டும் வந்ததன்று. அடிக்கக் கூடாது, வீட்டை விட்டு வெளியேற்றக் கூடாது, செலவுக்குப் பணம் தர வேண்டும் என்று நடுவர் ஆணையிடுவார். அந்த ஆணையை மீறினால்தான் சிறை. மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் யார் வேண்டுமானாலும் தகவல் கொடுக்கலாம். புகார் என்றாலே விலங்கு என்று நினைக்கும் அண்ணியிடம் இதை விளக்கினால், பல சமயம் அவரே மனம் மாறுகிறார்.

அப்பாவுக்குத் தம்பி சோறு போடுவதில்லை. இதற்கும் போலீசா?

வேண்டாம். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுங்கள். வேலூர் மாவட்டத்தில் வேலூர், குடியாத்தம் என இரண்டு கோட்டங்கள் உள்ளன. மாதம் பத்தாயிரம் ரூபாய் வரை ஜீவனாம்சம் உத்தரவிடலாம். கவனித்துக்கொள்வான் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த தான செட்டில்மெண்டையும் ரத்து செய்யக் கேட்கலாம். முதியோர் உதவி எண்ணான 14567-இலும் வழி சொல்வார்கள்.

நான் சொன்னேன் என்று வீட்டுக்குத் தெரியாமல் இருக்குமா?

சட்டத்தில் ஓரளவு பாதுகாப்பு இருக்கிறது. குற்றம் பற்றிய தகவல் எங்கிருந்து கிடைத்தது என்று சொல்லும்படி காவல் அதிகாரியை நீதிமன்றம்கூடக் கட்டாயப்படுத்த முடியாது என்று சாட்சியச் சட்டத்தின் 131-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் நீங்களே புகார்தாரராகக் கையெழுத்திட்டால், உங்கள் பெயர் எஃப்.ஐ.ஆரின் முதல் பக்கத்திலேயே இருக்கும். அதன் நகல் எதிர்த்தரப்பு வக்கீலுக்கும் போகும். நடைமுறையில், நான்கு பேர் வசிக்கும் வீட்டில் நடந்ததை வெளியே சொன்னவர் யார் என்று கண்டுபிடிக்க நகலே தேவையில்லை. தெரிந்துவிடும் என்றே எடுத்துக்கொண்டு, எங்கே தங்குவது, பிள்ளைகளின் சான்றிதழ்களும் வங்கிப் புத்தகமும் யாரிடம் இருக்க வேண்டும் என்பதை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

சம்பவம் ஆம்பூரில் நடந்தது. நான் இருப்பது வேலூரில். எங்கே போவது?

பழைய வட ஆற்காட்டு நினைப்பில் எல்லாவற்றுக்கும் வேலூருக்கே வருகிறவர்கள் இன்றும் உண்டு. 2019 நவம்பரில் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. இருந்தாலும் கவலையில்லை, கைது செய்யத்தக்க குற்றம் என்றால் எந்த நிலையத்திலும் எஃப்.ஐ.ஆர். பதிவு செய்து, உரிய நிலையத்துக்கு மாற்ற வேண்டும். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான வெறும் சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பிவிட்டால், காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்து மூலம் அனுப்புங்கள்.

கோபத்தில் கொடுத்துவிட்டேன். புகாரைத் திரும்பப் பெறலாமா?

சிறு அடிதடி, திருட்டு போன்றவற்றில் சமரசம் உண்டு. போக்சோ, வரதட்சணைக் கொடுமை, கொலை முயற்சி போன்றவற்றில் கையெழுத்திட்டவுடன் வழக்கு அரசினுடையதாகிவிடுகிறது. பிறகு கூண்டில் ஏறி "எனக்கு எதுவும் தெரியாது" என்றால் பிறழ்சாட்சி ஆவீர்கள். நடுவர் முன்பே சத்தியம் செய்து சொல்லியிருந்தால், பொய்ச்சாட்சி வழக்கும் வரலாம். பாகப்பிரிவினைத் தகராறுக்குக் காவல் நிலையத்தைக் கருவியாக்க நினைப்பவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: பொய்ப் புகாருக்குத் தனித் தண்டனை இருக்கிறது. அதைவிட, ஒரு பொய்ப் புகார் அந்த நிலையத்தில் அடுத்து வரும் உண்மைப் புகார்தாரரையும் சந்தேகத்தோடு பார்க்க வைக்கிறது.

நானே புகார் கொடுத்துவிட்டு, நானே அவனுக்கு வக்கீல் வைத்தால் சிரிக்க மாட்டார்களா?

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்; சட்டத்தில் அதற்குத் தடையில்லை. கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும், உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும், மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். இவையெல்லாம் நடக்கின்றனவா என்று கவனிக்க வீட்டு ஆளைவிடப் பொருத்தமானவர் யார்? ரிமாண்டின்போது நடுவர் "அடித்தார்களா" என்று கேட்பார். உண்மையைச் சொல்லும்படி மகனிடம் முன்பே சொல்லி வையுங்கள். தொரப்பாடி மத்தியச் சிறைக்குப் போய் மனுப் போட்டுப் பார்க்கலாம். ஆதார் அட்டையை எடுத்துச் செல்லுங்கள். பாதிக்கப்பட்டவர் வீட்டுக் குழந்தையாக இருந்தால், அந்தக் குழந்தையின் பொறுப்பை ஏற்றிருப்பவரே குற்றம் சாட்டப்பட்டவருக்காகவும் அலையக் கூடாது. அந்த வேலையை வேறு உறவினரிடம் விட்டுவிடுங்கள். காவலில் இருப்பவர் எவராயினும், வருமானம் எவ்வளவாயினும், அவருக்கு இலவச வக்கீல் பெற உரிமை உண்டு. சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம்; அல்லது சட்ட உதவி எண்ணான 15100-க்கு அழைக்கலாம். உங்களுக்கு ஒரு வக்கீல், அவனுக்கு வேறொரு வக்கீல் என்று தனித்தனியாகவே நியமிக்கச் சொல்லிக் கேளுங்கள்.